மிளகு போனது, மெனு வந்தது

கொச்சி மட்டாஞ்சேரியின் சரக்குக் கிடங்குகளில் இப்போது காபி மணக்கிறது. பழைய ஓட்டல்களில் சில நிற்கின்றன, பல மறைந்துவிட்டன. எது நிற்கும், எது மறையும் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது.

நண்பகல் 12 மணி. மட்டாஞ்சேரி குஜராத்தி ரோட்டில் உள்ள தர்மநாதர் ஜைனக் கோயில் முற்றத்தில் தானியம் இறைக்கப்படுகிறது. சுற்றுக் கூரைகளில் காத்திருந்த புறாக்கள் கூட்டமாக இறங்குகின்றன. 1904ல் கட்டப்பட்ட அந்தக் கோயிலில் இது அன்றாட வழக்கம். ஏறக்குறைய அதே வேளையில் புது ரோட்டிலும் ஒரு கூட்டம் சேர்கிறது. காயீஸ் ரஹ்மத்துல்லா ஓட்டலின் வாசலில் பிரியாணிக்காக நிற்கும் கூட்டம் அது. சுமை தூக்குபவர், வங்கி ஊழியர், எர்ணாகுளத்திலிருந்து பாலம் தாண்டி வந்த கல்லூரி மாணவர்கள் எல்லோரும் அதில் உண்டு. யாருக்கும் மெனு அட்டை தேவைப்படுவதில்லை. பிற்பகலில் அண்டா காலியாகிவிடும் என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

மூன்றாவது கூட்டம் ஒன்றும் இருக்கிறது. யூதர் தெருவில், ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த கட்டடங்களில், கப்புச்சினோ குடித்தபடி காயலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம். இந்த மூன்றாவது கூட்டத்துக்கு வயது முப்பதைத் தாண்டாது. ஆனால் மட்டாஞ்சேரியின் முகத்தை மாற்றிக்கொண்டிருப்பது அதுதான்.

சுற்றுலாக் கையேடுகள் மட்டாஞ்சேரியைப் பற்றிச் சொல்வது ஒரே பாட்டு: முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள், பதினைந்துக்கும் மேற்பட்ட மொழிகள், சில சதுர கிலோமீட்டருக்குள் ஒற்றுமையாக வாழ்கின்றன. பொய்யில்லை. ஆனால் கையேடுகள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள், சேர்ந்து வியாபாரம் செய்தார்கள். சேர்ந்து சாப்பிடவில்லை.

அரசரின் நிழலில் அடுப்புகள்

பழைய கொச்சி இரண்டு பகுதிகளாக இருந்தது. கடலோரக் கோட்டைப் பகுதி முதலில் போர்ச்சுக்கீசியர் கையிலும், 1663க்குப் பிறகு டச்சுக்காரர் கையிலும், பின்னர் ஆங்கிலேயர் கையிலும் இருந்தது. அதுவே இன்றைய ஃபோர்ட் கொச்சி. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி, கொச்சி ராஜாவின் மண். எங்கிருந்தோ விரட்டப்பட்டவர்களும் பிழைப்பு தேடி வந்தவர்களும் வெள்ளைக்காரனின் கோட்டைக்குள் நுழையாமல் ராஜாவின் நிழலில் ஒதுங்கினார்கள். யூதர்களின் பரதேசி சினகாக் 1568ல் ராஜாவின் அரண்மனையை ஒட்டியே எழுந்தது. கோவாவில் மத விசாரணைக்கு அஞ்சி ஓடிவந்த கௌட சாரஸ்வத பிராமணர்கள் கொண்டுவந்தது கொங்கணி மொழி. அவர்களுடைய திருமலை தேவஸ்வம் கோயிலின் தொடக்கம் 1599. கட்ச் பகுதியிலிருந்து வந்த மேமன் முஸ்லிம்கள் 1825ல் தங்கள் பள்ளிவாசலைக் கட்டினார்கள். குஜராத்தி வைஷ்ணவர்களும் ஜைனர்களும் வந்தார்கள். தமிழ்ப் பிராமணர்கள், தமிழ் வண்ணார்கள், தெலுங்குச் செட்டிகள் என்று பட்டியல் நீள்கிறது.

ஒவ்வொருவரும் கூடவே ஒரு விலக்குப் பட்டியலையும் கொண்டுவந்தார்கள். ஜைனர்களுக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு உட்பட மண்ணுக்கடியில் விளையும் எதுவும் ஆகாது. கொங்கணி பிராமணர் மீன் சாப்பிடுவார், ஆனால் கோயில் சமையலில் வெங்காய வாடை கூடாது. முஸ்லிம்களுக்கு ஹலால். யூதர்களுக்கு கோஷர்: பன்றி கூடாது, செதிலில்லாத மீன் கூடாது, இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் கலக்கவே கூடாது. தமிழ்ப் பிராமணரின் சமையலறைக்குள் இவர்களில் யாரும் நுழைய முடியாது.

கொச்சிக்கு வந்த வியாபாரி யாராக இருந்தாலும், தன் சாதிக்காரன் அல்லது தன் மதத்துக்காரன் நடத்தும் சாப்பாட்டுக் கடையைத் தேடினான். ஒரே சந்தையைச் சுற்றி இத்தனை விதமான உணவுக் கடைகள் முளைத்ததற்குக் காரணம் இந்த விலக்குகள்தான். நாக்கின் ருசி இரண்டாம் பட்சம். இன்று 'கொச்சியின் பன்முக உணவு' என்று விளம்பரப்படுத்தப்படுவது ஒரு வகையில் தீட்டின் விளைவு என்பதைச் சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

ஆனாலும் சமையலறைச் சுவரில் ஓட்டைகள் இருந்தன. தேங்காய்ப்பால் ஓர் உதாரணம். இறைச்சியோடு பாலையோ வெண்ணெயையோ சேர்க்க முடியாத யூதர்களுக்கு, பால் போலவே இருந்தும் பால் அல்லாத தேங்காய்ப்பால் பெரிய வரப்பிரசாதம். உலகின் பல யூதர்களுக்குக் கிடைக்காத கொழுப்பும் மணமும் கொச்சி யூதர்களின் கறிக் குழம்பில் சேர்ந்தது இப்படித்தான். டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற 'ப்ரூடர்' என்ற இனிப்பு ரொட்டி இன்னொரு உதாரணம். கொச்சி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பண்டிகை நாட்களில் சாப்பிடும் அதே ரொட்டியை இலங்கையின் பறங்கியரும் கிறிஸ்துமஸ் மேஜையில் வைக்கிறார்கள். டச்சுக் கப்பல் போன வழியில் போன ரொட்டி.

சாப்பாவும் சாப்பாடும்

மட்டாஞ்சேரியின் வயிற்றை நிரப்பியது பஜார் ரோடு. காயலை ஒட்டி ஓடும் இந்தத் தெருவில் கிடங்குகளின் முன்வாசல் சாலையைப் பார்க்கும், பின்வாசல் தண்ணீரைப் பார்க்கும். உள்நாட்டிலிருந்து மிளகும் இஞ்சியும் ஏலமும் கொப்பரையும் வள்ளங்களில் வந்து பின்வாசலில் இறங்கும். அரிசியும் பருப்பும் அங்கிருந்தே ஊருக்குள் போகும். பிரிட்டிஷ் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920ல் கொச்சிக்கு வந்து, கடல்வாயை மறித்துக் கிடந்த மணல் திட்டை வெட்டித் திறந்தார். 1928ல் கடல் கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவு உருவானது. புதிய துறைமுகம் தீவில் இருந்தாலும், அதில் மூட்டை சுமந்தவர்கள் மட்டாஞ்சேரியின் சந்துகளில்தான் குடியிருந்தார்கள்.

அவர்களுடைய சாப்பாட்டை முடிவு செய்தது ஓர் உலோக வில்லை. அதன் பெயர் 'சாப்பா'. காலையில் திரண்டு நிற்கும் கூலியாட்களின் நடுவே கங்காணி இந்த வில்லைகளை வீசி எறிவான். முண்டியடித்துப் பிடித்தவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். ஒரு வில்லை என்றால் ஒரு வீட்டின் அடுப்பு. இந்த முறையை எதிர்த்து நடந்த போராட்டம் 1953 செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சைது, சைதலவி, ஆன்டனி என்ற மூன்று தொழிலாளர்களின் பெயர் அந்தப் போராட்டத்தின் தியாகிகளாக இன்றும் நினைக்கப்படுகிறது. ராஜீவ் ரவி இயக்கி 2023ல் வெளிவந்த 'துறமுகம்' என்ற மலையாளப் படம் இந்தக் கதையைத்தான் சொன்னது. மட்டாஞ்சேரியைப் பற்றிய படங்களில் காயலும் வண்ணச் சுவர்களும் வருகிற அளவுக்குப் பசி வருவதில்லை. அந்த வகையில் இது விதிவிலக்கு.

இந்தக் கூலியாட்களின் காலத்தில் பிறந்ததுதான் காயீஸ் ஓட்டல். 1948ல் அதைத் தொடங்கிய வி.கே. காயியை ஊர் 'காயிக்கா' என்று அழைத்தது. மலையாள முஸ்லிம்கள் அண்ணனை 'இக்கா' என்பார்கள். கடையின் பெயர்ப் பலகையில் ரஹ்மத்துல்லா என்று இருந்தாலும், சாப்பிட வருபவர்களுக்கு அது காயிக்காவின் கடைதான். திண்டுக்கல், ஆம்பூர் என்று பிரியாணிக்கு ஊர்ப் பெயர் வைத்துப் பழகிய தமிழர்களுக்கு, ஒரு தனி மனிதரின் பெயரில் ஊரே பிரியாணியை அடையாளம் காண்பது சற்றுப் புதிதாகத் தோன்றலாம். கேரளத்து முஸ்லிம் பிரியாணியில் காரம் குறைவு. மசாலாவையும் சோற்றையும் தனித்தனியே சமைத்து, அடுக்கடுக்காகப் போட்டு, மூடியை அடைத்துத் தம் போடுவார்கள். தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழ ஊறுகாய் வைப்பது வழக்கம்.

தம் பிரியாணியின் பொருளாதாரம் எளிமையானது. எத்தனை அண்டா என்பது காலையிலேயே முடிவாகிவிடுகிறது. அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மிச்சம் விழாது, குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சூடுபடுத்தும் தேவை இல்லை. 'தீர்ந்துவிட்டது' என்ற சொல்லே விளம்பரம். விற்பது ஒன்றிரண்டு பண்டங்கள் என்பதால் சமையல்காரரின் கை தவறுவதும் இல்லை. எண்பது வகை உணவை அச்சடித்து வைத்திருக்கும் புதிய உணவகம் ஒன்றால் இந்தக் கணக்கைப் போட முடியாது.

காயீஸின் வெற்றிக்கு ருசி மட்டும் காரணம் அல்ல. கூலியும் முதலாளியும், முஸ்லிமும் கிறிஸ்தவரும் இந்துவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கடைகளில் அது ஒன்று. தன் சமூகத்துக்காரர்களை மட்டும் நம்பிய கடைகள் அந்தச் சமூகம் இடம் பெயர்ந்தபோது மூடின. எல்லோருக்கும் பரிமாறிய கடை நின்றது.

ஆளில்லாத அடுப்பு

இடம் பெயர்தல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது யூதர் தெரு. இஸ்ரேல் உருவான 1948ல் கேரளத்தில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தார்கள். ஐம்பதுகளில் பெரும்பாலோர் கப்பலும் விமானமும் ஏறிவிட்டார்கள். எஞ்சியவர்கள் மூப்பெய்தினார்கள். தன் வீட்டு முன்னறையில் பூத்தையல் துணிக் கடை நடத்திவந்த சாரா கோஹன் 2019ல் 96 வயதில் காலமானார். சினகாக்கின் பொறுப்பை நீண்ட காலம் ஏற்றிருந்த க்வீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் 89 வயதில் மறைந்தார். மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப் பெண்களில் கடைசியானவர் அவர். முறையான தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது யூத மரபு. அந்தப் பத்துப் பேர் இங்கே இல்லாமல் போய் வெகு காலம் ஆகிறது.

தொழுகை நிற்பதற்கு முன்பே சமையல் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. கோஷர் முறையில் இறைச்சி வேண்டுமென்றால் அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆள்தான் ஆட்டையோ கோழியையோ அறுக்க வேண்டும். அந்த ஆள் இல்லாத ஊரில் மீனும் காய்கறியும்தான் மிஞ்சும். மீனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எண்ணெயில் பொரித்த 'பாஸ்தெல்', உருண்டை பிடித்துக் குழம்பில் போடும் 'ஹுப்பா', சின்ன வெங்காயத்தை அரைத்துத் தடவிய 'சுட்டுள்ளி' மீன் போன்ற பண்டங்கள் இன்று சமையல் புத்தகங்களில் இருக்கின்றன. இஸ்ரேலில் குடியேறிய குடும்பங்களின் வீடுகளிலும் இருக்கின்றன. கொச்சியில் சில உயர்தர ஓட்டல்களின் மெனுவில் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. யூதர் தெருவில் ஒரு யூதக் குடும்பம் சமைத்து, வருகிறவர்களுக்குப் பரிமாறுகிற காட்சியை மட்டும் இனி எதிர்பார்க்க முடியாது.

கட்டடங்களுக்கும் இதே கதிதான். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் சினகாக் 1544ல் கட்டப்பட்டது என்பார்கள். அதன் மர வேலைப்பாடுகள் தொண்ணூறுகளில் கழற்றப்பட்டு ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போயின. கிடங்காகப் பயன்பட்ட வெறும் கூடு 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் புதிய கடைகள் பழமையை விற்றுக்கொண்டிருந்தன.

காலியான யூத வீடுகளில் முதலில் வந்தவை மசாலாக் கடைகள். பிறகு பழம்பொருள் கடைகள். தொண்ணூறுகளில் காஷ்மீர வியாபாரிகள் கம்பளமும் சால்வையும் கொண்டுவந்தார்கள். சொந்த ஊரில் துப்பாக்கிச் சத்தம் சுற்றுலாவை விரட்டியபோது அவர்கள் பயணிகள் போகும் இடங்களுக்கெல்லாம் போனார்கள். கொச்சியும் அதில் ஒன்று. காபிக் கடைகள் கடைசியாக வந்தவை.

கூச்சல் அடங்கிய கூடம்

யூதர் தெருவில் இன்னொரு மௌனமும் உண்டு. இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம் 1957ல் தொடங்கப்பட்டது. மிளகின் முன்பேர வணிகம் இங்கேதான் நடந்தது. தரகர்கள் கூடி நின்று, கையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தி விலை சொல்வார்கள். வெளிநாட்டுப் பயணிகள் ஏதோ அடிதடி என்று பயந்து எட்டிப் பார்ப்பார்கள். கணினி வந்தது. கூச்சல் போனது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வியட்நாம் உலகின் முதல் மிளகு உற்பத்தியாளராக உயர்ந்தது. கொச்சி சொல்வதுதான் விலை என்ற காலம் முடிந்தது. 2011ல் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையம் திறந்த பிறகு, பஜார் ரோட்டின் குறுகலான சந்தில் லாரியை நுழைத்து மூட்டை ஏற்றும் அவசியமும் குறைந்தது.

பத்துத் தரகர் கத்தினால் பத்து டம்ளர் சாயா விற்கும். ஒரு லாரிக்கு மூட்டை ஏற்றினால் எட்டுப் பேர் பரோட்டாவும் கறியும் சாப்பிடுவார்கள். சந்தை அடங்கியதும் சாயாக் கடைகள் அடங்கின. மட்டாஞ்சேரி ஓட்டல்களின் சரிவுக்குக் காரணம் நவீன ருசி என்று சொல்வது சுலபம். உண்மையில் பசியோடு வந்தவர்களின் எண்ணிக்கைதான் குறைந்தது.

காலியான கிடங்குகளுக்குப் புதிய உபயோகம் கண்டுபிடித்தவர்கள் கலைஞர்கள். ஃபோர்ட் கொச்சியில் 1997ல் காசி ஆர்ட் கஃபே தொடங்கியபோது, ஓவியக் கூடமும் காபிக் கடையும் ஒன்றாக இருப்பது கேரளத்துக்குப் புதுமை. 2012 டிசம்பர் 12ல் கொச்சி முசிரிஸ் பியனாலே என்ற கலைத் திருவிழா தொடங்கியது. ஆங்கிலேயரின் ஆஸ்பின்வால் ஹவுஸ், கல்வத்தி ரோட்டின் பெப்பர் ஹவுஸ், மட்டாஞ்சேரியின் டி.கே.எம். கிடங்கு என்று சரக்கு வைத்த இடங்களில் சிற்பமும் ஓவியமும் வந்தன. சில லட்சம் பேர் பார்க்க வரும் விழாவுக்குப் பிறகு கிடங்குச் சொந்தக்காரர்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. மிளகு மூட்டைக்குக் கிடைக்கும் வாடகையை விட, பின்வாசல் வழியே தெரியும் தண்ணீருக்குக் கிடைக்கும் வாடகை அதிகம்.

யூதர் தெருவின் ஜிஞ்சர் ஹவுஸ் இதற்குச் சரியான உதாரணம். பழைய இஞ்சிக் கிடங்கு. உள்ளே போகிறவர் சிலைகளையும் தூண்களையும் பழைய மரச் சாமான்களையும் கடந்து நடந்துதான் காயலோர மேஜைக்குப் போக முடியும். வழியெல்லாம் கடை, கடைசியில் சாப்பாடு. வியாபார நுட்பத்தில் பழைய மட்டாஞ்சேரி வணிகர்கள்கூடத் தலையசைத்துப் பாராட்டியிருப்பார்கள்.

புதிய உணவகங்களைத் திட்டுவது எளிது. ஆனால் அவை வந்திருக்காவிட்டால் பஜார் ரோட்டின் பல கிடங்குகள் கடவும்பாகம் சினகாக்கைப் போலவே ஏதோ ஒரு மழையில் சரிந்திருக்கும். ஓடு மாற்றவும் உத்தரம் மாற்றவும் பணம் வேண்டும். அந்தப் பணம் மிளகிலிருந்து வரவில்லை, காபியிலிருந்து வந்தது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த உணவகங்களின் மேஜையில் மட்டாஞ்சேரிக்காரர் உட்காருவது அபூர்வம். அவர் உள்ளே இருந்தால் பெரும்பாலும் தட்டு ஏந்தியபடிதான் இருப்பார். சில இடங்களில் அதுவும் இல்லை. கேரள ஓட்டல்கள் எங்கும் போலவே இங்கும் பரோட்டா அடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். வந்தேறிகளால் உருவான ஊருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 'ஊர்ப் பாரம்பரிய உணவு' என்ற பலகையின் கீழ் முர்ஷிதாபாத்துக்காரர் சமைப்பதும் மட்டாஞ்சேரிப் பாரம்பரியம்தான்.

ஜிலேபியும் பப்படமும்

குஜராத்தி ரோட்டில் நிலைமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சாந்திலால் மிட்டாய்வாலா போன்ற பழைய இனிப்புக் கடையில் பேடாவும் ஜிலேபியும் காட்டியாவும் இன்னும் கிடைக்கின்றன. வாங்குகிறவர்களில் குஜராத்தி பேசுபவர்களும் உண்டு, பேசாதவர்களும் உண்டு. இனிப்புக்கு ஒரு வசதி: அது சமூக எல்லைகளை எளிதில் தாண்டும். வெங்காயமும் இறைச்சியும் சேராத பண்டத்தை யாரும் வாங்கலாம், யார் வீட்டுக்கும் கொண்டுபோகலாம். முழுச் சாப்பாடு அப்படி அல்ல. வெங்காயமே இல்லாத ஜைனச் சாப்பாட்டுக்கு வாடிக்கை அந்தச் சமூகம் மட்டுமே. வடக்கிலிருந்து வரும் ஜைனச் சுற்றுலாக் குழுக்கள் இப்போது அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. மசாலா வணிகம் பண்ணிய குஜராத்திக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை எர்ணாகுளத்துக்கும் மும்பைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறது. பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள். அவர்களுக்காக ஓட்டல் நடத்த முடியாது.

கொங்கணிக்காரர்களின் வழி வேறு. திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றியுள்ள செர்லாய் பகுதியில் பலா இலையில் பொதிந்து வேகவைத்த 'கொட்டோ' இட்லியும், சேப்பங்கிழங்கு இலையைச் சுருட்டி வேகவைக்கும் 'பத்ரடே'வும், பருப்பை மட்டும் வைத்துச் செய்யும் 'தாளி தோய்' என்ற குழம்பும் வீட்டில்தான் ருசி. ஆனால் கொங்கணிப் பெண்கள் கையால் உருட்டிய பப்படம் கேரளம் முழுக்கப் போனது. எர்ணாகுளத்தில் தோசைக்குப் பெயர்போன பை பிரதர்ஸ் கடையும் கொங்கணிக் கைவரிசையே. சொந்தச் சமையலை வீட்டில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பிடித்ததைத் தெருவில் விற்பது. நானூறு ஆண்டு அகதி வாழ்க்கை கற்றுக்கொடுத்த சாமர்த்தியம் என்று இதைச் சொல்லலாம்.

தமிழர்கள்? மட்டாஞ்சேரியின் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் போகிறவர் ஏமாறக்கூடும். இட்லியும் தோசையும் கொச்சிக்கு அந்நியம் அல்ல என்பதால் அவற்றுக்குத் தமிழ் முத்திரை ஒட்டவில்லை. ஆனால் புதிய உணவகங்களும் விடுதிகளும் ஒரு தமிழ்ச் சமூகத்தை நம்பித்தான் காலையில் கதவைத் திறக்கின்றன. ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தருகே உள்ள தோபி கானாவில் வேலை செய்வோர் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் சீருடை துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து இவர்களுடைய முன்னோரைக் கொண்டுவந்தார்கள் என்பது இவர்களின் வரலாறு. இன்றும் கல்தொட்டியில் அடித்துத் துவைத்து, சோற்றுக் கஞ்சி போட்டு, கயிற்றின் முறுக்குக்குள் துணி நுனியைச் செருகிக் காயவைத்து, கரிப்பெட்டியால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். விடுதிப் படுக்கை விரிப்பும் ஓட்டல் மேஜை விரிப்பும் இங்கே வருகின்றன. டச்சுக்காரன் போனாலும் அழுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. இளைய தலைமுறையில் இந்த வேலைக்கு வருபவர்கள் குறைவு, இயந்திரச் சலவை நிலையங்கள் பெருகிவிட்டன.

யார் இருப்பார்கள்?

ஓட்டல் வாழ வேண்டுமென்றால் சுற்றிலும் ஆள் குடியிருக்க வேண்டும். இங்கேதான் மட்டாஞ்சேரியின் உண்மையான செய்தி இருக்கிறது, அது உணவுப் பக்கங்களில் வருவதில்லை. ஒரு பக்கம் பெரிய வீடுகள் ஹோம்ஸ்டேக்களாகின்றன. மறு பக்கம், மூன்று தலைமுறை ஒரே அறையில் படுக்கும் வரிசை வீடுகள். மழை பெய்தாலும் வேலியேற்றம் வந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். கல்வத்தியை ஒட்டிய துருத்தியில் இப்படி வாழ்ந்த குடும்பங்களுக்காக மாநகராட்சி கட்டத் தொடங்கிய அடுக்குமாடிகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. ஒருவழியாக 2025 செப்டம்பரில் 394 வீடுகள் கொண்ட இரட்டைக் கோபுரம் திறக்கப்பட்டது. இந்தக் குடும்பங்களைப் புறநகருக்கு அனுப்பாமல் அதே மண்ணில் உயரமாக அடுக்கியது, மட்டாஞ்சேரி வட்டாரத்து ஓட்டல்களுக்கு எந்தச் சுற்றுலாத் திட்டத்தையும் விடப் பெரிய உதவி. காலையில் புட்டும் கடலையும், மாலையில் பழம்பொரியும் சாயாவும் வாங்குகிறவர்கள் இவர்கள்தான்.

அடுத்த மாதமே இன்னொன்றும் நடந்தது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கு வாட்டர் மெட்ரோ படகு வந்தது. எர்ணாகுளத்திலிருந்து குளிர்சாதனப் படகில் ஏறி, டச்சு அரண்மனைக்கும் யூதர் தெருவுக்கும் நடந்தே போகலாம். பழைய படகுத்துறை சேவை முடங்கியதால் பல ஆண்டுகள் பஸ்ஸையும் ஆட்டோவையும் நம்பியிருந்த ஊருக்கு இது பெரிய வரவு. வருகிறவர்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்பதில்தான் போட்டி. படகிலிருந்து இறங்குகிறவரின் கண்ணில் முதலில் படுவது யூதர் தெருவின் பலகைகள். புது ரோட்டின் பிரியாணிக்கு வழி கேட்டுப் போக வேண்டும்.

பியனாலே டிசம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வெளிநாட்டுப் பயணிகளின் பருவமும் ஏறக்குறைய அதுதான். ஏப்ரல் வெயிலில் வடநாட்டுக் குடும்பங்கள் கொஞ்சம் வருகின்றன. ஜூன் முதல் வாரம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காயலோர மேஜைகளில் ஆளிருக்காது. 2020 மார்ச்சில் கோவிட் ஊரடங்கு வந்தபோது அந்த ஜூன் பல மாதங்களுக்கு நீண்டது. அந்த ஆண்டு நடக்க வேண்டிய பியனாலே 2022 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. பயணிகளை மட்டுமே நம்பியிருந்த கடைகளுக்கு அது கொடுமையான காலம். தெருக்காரர்களுக்குப் பொட்டலம் கட்டித் தர முடிந்த கடைகள் ஏதோ சமாளித்தன. அதைப் பார்த்த பிறகும் பஜார் ரோட்டில் புதிய காபி இயந்திரங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

கிடங்குகளில் மிச்சமிருக்கும் சரக்கு வியாபாரிகள் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து, சுக்கும் மிளகும் காயவைக்க வெயிலுக்குக் காத்திருக்கிறார்கள். பக்கத்துக் கிடங்குக்காரர் வாடகைக்கு விட்டு எவ்வளவு வாங்குகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும்.